மீன் பொரிக்கலாமா?

சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டை விற்க அலைந்த அந்த மாதங்களில் நான் எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஒரு சீனத் தம்பதிக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளே ஏஜென்ட் போன் செய்தார்.

"அவங்களுக்கு விற்க முடியாதுலா. உங்க பிளாக்ல சீனர்களுக்கான வரம்பு நிறைஞ்சுடுச்சு."

ஒரு அடுக்குமாடி பிளாக்கில் எந்த இனத்தார் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று அரசாங்கம் போட்ட விதி அது. சீனர் வரம்பு நிறைந்துவிட்டால் என்னைப் போன்ற இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. எனக்குத் தெரியாததில்லை.

"என் வீட்டை யாருக்கு விற்கணும்னு நான் சொல்லக் கூடாதா?" என்று போனிலேயே கத்தினேன்.

அதனால் இந்தியக் குடும்பமாகத் தேடி ஏஜென்ட் அப்புறம் அழைத்து வந்தது, எங்கோ வாடகை அறையில் இருந்த ஒரு தமிழ்த் தம்பதியை. நான் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அந்தப் பெண் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இங்க மீன் பொரிக்கலாமா?"

"வாங்கினா உங்க வீடு. என்னை ஏன் கேக்கறீங்க?"

"கேட்டே பழகிடுச்சுக்கா. எங்க ஓனர் அடுப்பே பத்த வைக்க விடமாட்டாங்க, தேக்கா மார்க்கெட் கடையிலதான் சாப்பாடு. மத்த இடத்துல எங்க இந்தியப் பேரைக் கேட்டதும் வீடு போயிடுச்சும்பாங்க. நீங்க இந்தியக் குடும்பமா தேடுறீங்கன்னு ஏஜென்ட் சொன்னப்ப நம்பவே முடியல."

வீட்டை அவர்களுக்கே கொடுத்தேன்.

அந்த விதியின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அதைத் திட்டத் தொடங்கும்போதெல்லாம், ஜன்னலோரம் நின்று ஒருத்தி மீன் பொரிக்கலாமா என்று கேட்கிறாள். பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.