தீபலட்சுமி எழுதிய மன்னிப்புக் கடிதம்

“எம் பேர ஏன்டா சொல்லல?”

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், யாருடைய ஆதார் அட்டையையோ மெஷினில் கவிழ்த்து வைத்துக்கொண்டே தீபலட்சுமி என்னைக் கேட்டாள். பின்னால் நின்றவர், “தம்பி, காப்பி எடுக்கலன்னா தள்ளி நில்லுப்பா” என்றார். தள்ளி நின்றேன்.

அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

தீபலட்சுமி ப்ளஸ் ஒன்னிலிருந்து என் வகுப்பு. வீடு அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய சந்தில். அப்பாவுக்கு மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மா கன்னியம்மா நாவலூரில் ஒரு ஐ.டி. ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். ஐந்தரைக்கே வேன் வந்துவிடும். அதனால் காலையில் தீபலட்சுமிக்குத் தலை பின்னிவிட ஆள் கிடையாது.

எங்கள் பள்ளியில் பெண்களுக்கு இரட்டைச் சடை. பின்னினால் மட்டும் போதாது, மடித்துக் காதுக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்ட வேண்டும். தினமும் பிரேயரில் ரத்தினபாய் மிஸ் வரிசையாக நடந்து ரிப்பனை இழுத்துப் பார்ப்பார். அவிழ்ந்தால் கிரவுண்டில் நிற்க வேண்டும்.

ப்ளஸ் டூ தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை தீபலட்சுமி கழுத்தளவுக்கு முடி வெட்டிக்கொண்டு வந்தாள். மடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. ரத்தினபாய் மிஸ்ஸுக்கு எதை இழுத்துப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

“என்னடி இது?”

“முடி மிஸ்.”

பின்வரிசையில் நாங்கள் சிரித்துவிட்டோம். மிஸ் கெட்டவர் இல்லை. அவளை ஓரமாகக் கூப்பிட்டு, “டைஃபாய்டு வந்துச்சு, முடி கொட்டுச்சு, அதான் வெட்டிட்டேன்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்” என்றார்.

“காய்ச்சல்லாம் வரல மிஸ். புடிச்சிருந்திச்சு, வெட்டிக்கினேன்.”

அம்மா விடியுமுன் வேலைக்குப் போவதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்கள். அதையும் அவள் சொல்லவில்லை. அப்புறம் நான் கேட்டதற்கு, “எங்கம்மா இன்னாடா பண்ணாங்க? வெட்டுனது நானு” என்றாள்.

மன்னிப்புக் கடிதம் எழுதினால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்று தாளாளர் சொல்லிவிட்டார். எங்கள் பள்ளியில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் சொந்தமாக எழுதினால் பிழை வரும் என்று மிஸ் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று தீபலட்சுமி எழுதினாள்.

“முடி வெட்டியது தவறு, அப்படின்னு எழுது.”

“நீங்க சொல்றத அப்டியே எழுதணுமா மிஸ்?”

“அப்படியேதான். உன் இஷ்டத்துக்கு எதுவும் சேர்க்காத.”

அவள் அப்படியே எழுதினாள்:

“முடி வெட்டியது தவறு என்று எழுதச் சொன்னார்கள். அதற்காக வருந்துகிறேன் என்று எழுதச் சொன்னார்கள். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி என்று எழுதச் சொன்னார்கள், தீபலட்சுமி.”

ரத்தினபாய் மிஸ் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். தாளாளர் படித்தார்.

மறுநாள் அவள் அம்மா கன்னியம்மா வேலை யூனிஃபார்ம் மேல் போட்ட அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஆபீஸ் வாசலில் நின்றார். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“ரெண்டு மாசத்துல வளந்துடும் சார்” என்றார் அவர்.

“முடி வளரும்மா. திமிரும் சேர்ந்து வளரும்” என்றார் தாளாளர்.

டி.சி. கொடுத்தார்கள். அதில் நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘நன்று’ என்று இருக்கும். அவளுக்கு ‘திருப்திகரம்’. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு பம்மலில் ஒரு பள்ளியும் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியும் இடமில்லை என்றன. அந்த வருடம் அவளுக்குப் படிப்பு இல்லாமல் போனது. ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனாள்.

காலாண்டு விடுமுறையில் எங்கள் பள்ளிக்குச் சினிமா ஷூட்டிங் வந்தது.

கதை என்ன தெரியுமா? தோள்வரை முடி வளர்த்த மாணவன் ஒருவன் கட்டுப்பாடான பள்ளியை எதிர்த்து நிற்கிறான். ஹீரோவுக்கு முப்பது வயது இருக்கும். முடி விக். வியர்வையில் அதிலிருந்து ஊறவைத்த துணியின் நாற்றம் வந்தது. அந்த விக்கைத் தொட்டுப் பார்த்து, “ரொம்ப இயற்கையா இருக்கு” என்றார் எங்கள் தாளாளர்.

கூட்டத்தில் உட்கார எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். உதவி இயக்குநர் பிரிட்டோ அண்ணா எங்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்.

“டேய், உங்க ஸ்கூல்ல கெத்தா யாராச்சும் ஏதாச்சும் பண்ணிருக்காங்களா? ரியலா இருக்கணும். எங்க டயலாக்லாம் செயற்கையா இருக்குடா.”

நான் சொன்னேன். கடிதம் முழுவதும் எனக்கு மனப்பாடம். அன்றே தீபலட்சுமி சொல்லிக் காட்டியதில் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் பிரியாணிக் கையைத் தூக்கிக்கொண்டு இடது கையால் போனில் ஏற்றினார்.

“செம்ம! யார்டா எழுதுனது?”

“ஒரு பொண்ணுண்ணா.”

“சூப்பர். இத ஹீரோவுக்கு வச்சிரலாம். நீ ரெண்டாவது வரிசைல உக்காரு, ஃப்ரேம்ல வருவ.”

மறுநாள் அந்தக் காட்சி. பெண்கள் எல்லோரும் சடையை மடித்துக் கட்டி வர வேண்டும் என்று சினிமாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ரத்தினபாய் மிஸ் வழக்கம்போல் வரிசையாக நடந்து ரிப்பனை இழுத்துப் பார்த்தார். பார்த்து முடித்ததும் ஹீரோ மேடையேறி, “எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்” என்று படித்தான். நாங்கள் கைதட்டினோம். ஏழு டேக். கை சிவந்துவிட்டது. தாளாளர் மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரும் தட்டினார். அவருக்கு அந்த வரிகள் நினைவில் இல்லை. ஒரு பெண்ணை எந்த வரிக்காகத் துரத்தினோம் என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை. எனக்கு இருந்தது. ஆனாலும் தட்டினேன். கேமரா என் பக்கம் இருந்தது.

ப்ளஸ் டூ முடித்த கோடையில் படம் வந்தது. கடிதக் காட்சியில் தாம்பரம் தியேட்டரே விசிலடித்தது. ஹீரோ கடிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டான். துண்டுகள் மெதுவாக விழுந்தன. அந்தத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு விநாடி என் முகம், வாயெல்லாம் பல்லாக. பக்கத்தில் இருந்த என் தெரு நண்பன் அன்பு, “மச்சான், நீடா!” என்று கத்தி என் தோளில் குத்தினான். வாயில் இருந்த பாப்கார்னைக் காகிதக் கப்பில் துப்பினேன்.

வெளியே ஒரு யூடியூப் சேனல்காரரின் மைக் முன்னால் தாளாளர் சால்வையோடு நின்றார். “பிள்ளைங்களுக்கு நாங்க முழு சுதந்திரம் கொடுக்கறோம். அதான் இந்த மாதிரி படத்துக்கு நம்ம ஸ்கூல கொடுத்தோம்.” அவரைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு பாதிதான். மீதி என் மேலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தீபலட்சுமியின் முடி இன்னும் கழுத்தளவுதான். கடை முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். அவள் படம் பார்க்கவில்லை.

“கடைசில கிழிச்சானா?” என்றாள்.

“ஆமா. மியூசிக்லாம் போட்டு.”

“நான் எங்கடா கிழிச்சேன்? குடுத்தேன். ஃபைல்ல வச்சிக்கினாங்க. இன்னும் அங்கதான் கீது.” யாருடைய ஆதார் அட்டையையோ மெஷினில் கவிழ்த்து வைத்தாள். “அந்தண்ணன் கேட்டப்ப எம் பேர ஏன்டா சொல்லல?”

பதில் இதுதான். பெயரைச் சொன்னால் அது தாளாளர் காதுக்குப் போகும், காட்சியைத் தூக்கிவிடுவார்கள், என் இரண்டு விநாடி போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. டைஃபாய்டு என்று ஒரு பொய் சொல்லாதவளிடம், இந்த உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கிளம்பும்போது அவள் பின்னாலிருந்து சொன்னாள். “தனித்தேர்வுக்குப் பணம் கட்டிட்டேன்டா. பாஸ் பண்ணிடுவேன். அது பத்தி பேஜார் இல்ல. ஆனா அது நான் எழுதுனது. இப்பயாச்சும் நாலு பேர்கிட்ட சொல்லு.”

நாலு பேருக்கு மேல் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம், கடிதக் காட்சிக்கு விசிலும் அடித்திருக்கலாம். யாராவது அதைப் புகழ்ந்தால், அனகாபுத்தூர் தீபலட்சுமி எழுதியது என்று சொல்லுங்கள். கிழிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் அடுத்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இது யாரோ சொல்லச் சொல்ல நான் எழுதியது இல்லை.