நாக்கில் ஒட்டாத கல்

காலை ஐந்தரைக்குச் சேலத்தில் ரயில் ஏறினேன். விருத்தாசலம் ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். கல்லூரியில் என்னிடம் நிலவியல் படித்த ஸ்டெல்லா, கல்யாணமாகி அங்கே போய் மின்சாரத்துக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் சுடும் பட்டறை நடத்துகிறாள். களிமண்ணோடு கலக்கும் வழக்கமான கல்பொடி கிடைக்கவில்லை என்று போனில் புலம்பினாள். எங்கள் பக்கத்துக் குன்றின் பெல்ஸ்பார் கல்லை வாங்கச் சொன்னவன் நான்தான். அதைக் கலந்து சுட்ட முதல் சூளையை இன்று திறக்கிறார்கள். கெட்டால் மூவாயிரம் கட்டையும் குப்பைக்கு. சும்மா இருந்திருக்கலாம்.

சின்னசேலத்தில் ஏறிய ஒருவர் என் கையிலிருந்த பெல்ஸ்பார் துண்டைப் பார்த்து விசாரித்தார். லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி இது வெள்ளைக் களிமண்ணாகும், சூளையில் வைத்தால் களிமண் திரும்பக் கல்லாகும் என்றேன்.

“சூளையில எம்மாம் நேரம் ஆவும்?”

“ரெண்டு நாள்.”

“அப்ப மழைதான் சோம்பேறிங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஒன்பது மணிக்கு இறங்கினேன். பட்டறைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். சூளைக் கதவைத் திறந்திருந்தார்கள். அனல் முகத்தில் அடித்தது. பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகிக் களிமண்ணின் துளைகளை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கட்டை ஈரத்தை உறிஞ்சும், மின்சாரத்துக்கு ஆகாது. ஒரு கட்டையை உடைத்து, உடைந்த பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் போச்சு. மலையில் களிக்கல்லை நானும் அப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

ஸ்டெல்லா கதவோரம் ஆறியிருந்த ஒரு கட்டையை உடைத்து ஒரு பாதியை என்னிடம் தந்தாள். நாக்கில் வைத்தேன். ஒட்டியது.

“ஒட்டுதும்மா.”

அவள் மறுபாதியை நாக்கில் வைத்து யோசித்தாள். “எனக்கு ஒட்டலயே. காலைலேருந்து தண்ணி குடிச்சீங்களா சார்?”

பயத்தில் டீகூடக் குடிக்கவில்லை; காய்ந்த நாக்கில் எதுவும் ஒட்டும். சொம்பை நீட்டினாள். குடித்துவிட்டு மறுபடி வைத்தேன். வழுக்கியது. சூடு குறைவாக ஏறும் அடிவரிசையிலிருந்து இன்னொன்றை உடைத்தோம். அதுவும் வழுக்கியது. வேலை செய்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“வூட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்” என்றாள். வாசலுக்கு வந்தால் ஒரு லாரி நிற்கிறது, நிறைய எங்கள் குன்றின் கல்.

“சூளையை இப்போதானேம்மா திறந்தோம்?”

“இது நேத்தே கெளம்பிடுச்சு. நீங்க பாத்துச் சொன்ன கல்லுதான சார்” என்று சொல்லிவிட்டு, லாரியைப் பின்னால் எடுக்கக் கை காட்டப் போய்விட்டாள்.