ஓரங்குலம் உயர்த்தி வெட்டியவர்

கழுத்து இறக்கம் ஆறரை அங்குலம் என்று சீட்டில் எழுதிக்கொண்டே துணியில் ஐந்தரைக்குக் கோடு போடுவார் தையல்கடை மாஸ்டர். போன வருஷம் வரைக்கும் இதுதான் வழக்கம். ரவிக்கை வாங்க வந்தவள் சண்டை பிடித்தால், பச்சைப்பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு, துணி சுருங்கிவிட்டது என்பார். தண்ணீரே படாத துணி எப்படிச் சுருங்கும் என்று மடக்கினால் உண்மை வந்துவிடும்: "காலம் கெட்டுக் கெடக்கும்மா. நாமதான் பாத்து நடந்துக்கணும்."

பெண்கள் துணியில் முப்பது வருஷப் பழக்கம். ஆனால் அளவெடுப்பது மனைவிதான். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, இவர் சுவரைப் பார்த்தபடி எழுதிக்கொள்வார். அத்தனை கூச்சம். ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கு நுனி தானாக வெளியே எட்டிப் பார்க்கும்.

"ஊர் ஆம்பளைங்க கண்ணுக்கெல்லாம் நீங்க ஒருத்தரே திரை தச்சுப் போட முடியுமா?" என்பார் மனைவி, கொக்கி வைத்தபடி. மாஸ்டர் காது கேளாதவர் போல மெஷினை வேகமாக மிதிப்பார்.

கடைக்கு மேல்மாடியில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில், கண்காணிப்பாளர் அவளைக் கதவோரம் மடக்கிக் கண்ட இடத்தில் கை வைத்தார். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். தெரு வாய் சும்மா இருக்குமா? கடையில் பேப்பர் படிக்க வரும் பக்கத்து ஸ்டுடியோக்காரர், என்னத்தைப் போட்டுக்கொண்டு போனாளோ என்று இழுத்தார்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்தச் சீருடையைத் தைத்ததே அவர்தான். கழுத்துவரை பட்டன், முழங்கையைத் தாண்டிய கை. அதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார். மறுநாள் காலை அவளிடமும் பெருமையாகச் சொன்னார்.

படியில் நின்று கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

"சரிண்ணா. அன்னிக்கு நான் கையில்லாத சட்டை போட்டிருந்தா, எனக்காகப் பேசியிருப்பீங்களா?"

மாஸ்டர் மெஷினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று ஒரு சட்டையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, மத்தியானம் முழுக்கப் பிரித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நூல் பிசிறுகளைப் பொறுக்கினார்.

விசாரணை வந்தது. உடை கண்ணியமானதுதான் என்று சொல்ல, நர்ஸ்கள் சங்கத்தார் மாஸ்டரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரமாகக் கண்காணிப்பாளர். சீருடையின் கை எவ்வளவு நீளம் என்று ஒருவர் கேட்டார். மாஸ்டர் கண்காணிப்பாளர் பக்கம் கையைக் காட்டினார்.

"சட்டைக் கையப் பத்தி என்கிட்ட கேக்கறீங்க, சார். அவரு கையப் பத்தி அவர்கிட்ட கேட்டீங்களா? இந்தப் பொண்ணு எதப் போட்டிருந்தாலும் நான் வந்திருக்கணும்."

அளவைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் அவருக்குத் தண்ணீர் பிடித்து வந்தாள். இரண்டு மாதத்தில் கண்காணிப்பாளருக்கு வேலை போயிற்று.

அந்தச் செய்தியோடு ஸ்டுடியோக்காரர் கடைக்கு வந்தார். என்ன இருந்தாலும் பொம்பளைப் பிள்ளைகள் கொஞ்சம் அடக்கமாக உடுத்தினால், என்று ஆரம்பித்தபடியே ஸ்டூலில் உட்காரப் போனார். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலாலேயே ஸ்டூலை உள்ளே இழுத்து, அதன்மேல் ஒரு துணிக்கட்டைத் தூக்கி வைத்தார்.