குங்குமம் வைத்த பசு

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கை பினாங்குக் கம்பத்தில், அந்த மலாயாக் கிராமத்தில், எனக்கு இருந்த ஒரே சொத்து ஒரு கறவைப் பசு. கணவரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அந்தப் பசுவின் பாலில்தான் பிழைத்துக்கிடந்தான்.

பக்கத்துக் கொட்டகையில் என் அண்ணன் இரண்டு மாடு வைத்திருந்தான். கூடப் பிறந்தவன். ஒருநாள் அவன்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்குச் சர்க்கார் உதவி தரப்போகிறதாம். மாட்டுக்குப் புண்ணாக்கு, வீட்டுக்கு அரிசி. மாட்டைத் திடலுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம்.

"நல்லா குளிப்பாட்டிக் கொண்டா தங்கச்சி. மாடு பளபளன்னு இருந்தாத்தான் அரிசி கூடக் கெடைக்கும்லா" என்றான்.

அரிசி என்றால் அன்றைக்கு யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? மாட்டுப் பொங்கலுக்குச் செய்வதுபோலச் செய்தேன். தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். பானையில் கிடந்த கடைசித் தவிட்டையும் கரைத்துக் கொடுத்தேன்.

திடலில் அண்ணனுடைய மாடுகளைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சாணி காய்ந்து, விலா எலும்பு தெரிய நின்றன.

"என்னண்ணே, இப்படியா கொண்டாருவ? ஒனக்கு ஒண்ணும் கெடைக்காதே!"

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவனுக்காகப் பதறினேன் பாருங்கள், என்னைப்போல ஒரு மக்கு உண்டா?

ஜப்பான் அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் பசுவின் முதுகைப் பிரம்பால் தொட்டான். அரிசி முதலில் எனக்குத்தான் என்று கைகூப்பினேன். ஒரு சிப்பாய் கயிற்றை வாங்கிக்கொண்டு போய்ப் பசுவை லாரியில் ஏற்றினான்.

"பட்டாளத்துக்குக் கறி வேணுமாம்" என்றார் அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர்.

லாரிக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடினேன். பசு என்னைப் பார்த்து ஒருமுறை கத்தியது. குங்குமம்கூட அழியவில்லை.

திரும்பி வந்து அண்ணன் சட்டையைப் பிடித்தேன்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும். நம்ம கம்பத்துல ஒரு மாட்டைக் கறிக்குக் கொடுத்தாத்தான் மத்தவங்களுக்கு உதவின்னுட்டான். கொழுத்ததாப் பாத்துத்தான் எடுப்பான். எனக்கும் புள்ளைங்க இருக்குலா."

புண்ணாக்கும் அரிசியும் அவன் வீட்டுக்கு வந்தன. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை என் உடன்பிறப்பிடமே கண்டேன். மாட்டைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேனோ என்னவோ. என் கையாலேயே சிங்காரிக்க வைத்தான், அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் காலை ஒரு செம்புப் பாலோடு அண்ணன் வாசலில் நின்றான். அவன் முகத்திலேயே வீசியடிக்கத் தோன்றியது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதான். வாங்கிக்கொண்டேன். அன்றுமுதல் தினமும் வாங்கினேன்.

சண்டை முடிந்தும் கணவர் திரும்பவில்லை. குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். பிள்ளை சிரித்துக்கொண்டே அவனிடம் தாவினான்.