விசாரிச்சுப்போட்டு விடுறம்

பெனிற்றாவுக்கு இடம் கிடைத்த செய்தியை, புலம்பெயர்ந்து வந்த மனோர் பார்க் வீட்டில் முதலில் கேட்டவர் அவளுடைய அப்பா பஸ்தியாம்பிள்ளை. ஆனால் முழுதாகக் கேட்கவில்லை. வேலை செய்தபடியே படிப்பு, மாதாமாதம் சம்பளம், மூன்று வருட முடிவில் பட்டம் என்று அவள் அடுக்கிக்கொண்டு போக, மனிதர் பூரித்துப்போனார். படிக்கிறதுக்கு அவங்கள் சம்பளம் தாறாங்களோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில்தான் என்ன வேலை என்று கேட்டார். பொலிஸ் என்றாள். கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். நல்ல செய்தியை வால் பக்கத்தால் தொடங்கிச் சொன்னால் வேறு என்ன நடக்கும்?

அவர் ஏசவில்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மா றோஸ்மலர் வந்து, யூனிபோர்ம் மட்டும் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாதாம் என்று சொன்னார். பெனிற்றா ஒத்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்தால் ஸ்டேஷனிலேயே உடுப்பை மாற்றிக்கொண்டு, சாதாரணப் பெண்ணாகத்தான் வீட்டுக்கு வருவாள். சேர்ச்சில் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கு, யூனிவர்சிட்டியில் படிக்கிறாள் என்று றோஸ்மலர் பாதி உண்மையைச் சொன்னார். மற்றப் பாதி எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. நாலு தமிழர் கூடுகிற இடத்தில் எதுதான் மறையும்?

பஸ்தியாம்பிள்ளைக்குப் பொலிஸ் என்றால் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போகும். றொம்ஃபோர்ட் வீதியில் சைரன் கேட்டாலும் போகும், சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் குட்மோர்ணிங் சொல்லிக்கொண்டு போனாலும் போகும். மன்னாரில் அதிகாரி எவரைக் கண்டாலும், மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக் கைகட்டி நிற்கப் பழகிய கை அது. காற்சட்டை போட்ட மனிதருக்கு இடுப்பில் இறக்கிவிட என்ன இருக்கிறது? அந்தக் கை எதையோ தேடித் தடவுவதைப் பார்த்துச் சின்ன வயதில் பெனிற்றா வயிறு நோகச் சிரித்திருக்கிறாள். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

சிரிக்கக்கூடிய கதை இல்லை. அவருடைய தம்பியின் பெயர் லம்பேட். ஊரில் வீட்டுக்கு வந்து பொலிஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ஆளும் திரும்பி வரவில்லை, உடலும் வரவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் பூசைக்குப் பெயர் கொடுக்கிற நேரம் வீட்டில் சண்டை வரும். லம்பேட்டின் பெயரைக் கொடுத்தால் அவன் செத்துப்போனான் என்று தாங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. கொடுக்காவிட்டால் அவனுக்காக மன்றாட ஒருவரும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் கொடுத்ததில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஏன் போனாள் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். தெரிந்ததால்தான் போனாள். தமிழ்ச் சனத்தின் கதவைத் தட்டுகிற பொலிஸ் ஒருதரமாவது தமிழில் கதைக்கட்டும் என்று நேர்முகத்திலேயே சொன்னவள் அவள். படிப்பும் ஷிப்டுமாக அந்த மூன்று வருடம் அவளைப் பிழிந்து எடுத்தது. இரவு முழுக்க வெறிகாரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, காலையில் வந்து கட்டுரை எழுதினாள். பட்டம் தரும் விழாவுக்கு அப்பா வரவேண்டும், யூனிபோர்மோடு தன்னை ஒருதரம் பார்க்கவேண்டும். அவள் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அப்பா அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஆனால் அவள் எந்த நேரம் வந்தாலும் சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கும். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு பின்னேரம் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டார்:

"அங்க கோட் போடவேணுமோ, இல்லாட்டி சேர்ட் மட்டும் காணுமோ?"

பெனிற்றா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த சனிக்கிழமை அவர் தானே போய் ஒரு நீல டை வாங்கி வந்தார்.

அந்தக் கிழமைதான் வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. பஸ் ஸ்டொப்பில் நடந்த அடிபாடு ஒன்றில் மிதுலன் என்ற பையன் மேல் சந்தேகம். பெனிற்றாவும் கூட வந்த மூத்த பொலிஸ்காரரும் செய்யவேண்டிய முறைப்படிதான் எல்லாம் செய்தார்கள். பையன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பேசாமல் வந்தான். அவனுடைய தாய் தவமலருக்கு இங்கிலீஷ் வராது. வாசலில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சில கேள்விகள் கேட்கத்தான் கூட்டிப்போகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு என்றார் மூத்தவர்.

இதற்காகத்தானே வந்தாள். பெனிற்றா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நல்ல தமிழில், மிக அன்பாகச் சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ அம்மா. கூட்டிக்கொண்டு போய் விசாரிச்சுப்போட்டு விடுறம்."

தவமலர் மகனின் சேர்ட்டைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. பிறகு படியில் விழுந்து பெனிற்றாவின் சப்பாத்தைக் கட்டிக்கொண்டார். என்னையும் ஏத்துங்கோ, என்னையும் ஏத்துங்கோ என்று அதையே சொன்னார். கார் புறப்பட்டபோது வெறுங்காலோடு சந்திவரை ஓடிவந்தார். அடித்தது மிதுலன் இல்லை என்று தெரிந்து அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் மனம் பதறியிருக்கிறது, பாவம் என்று பெனிற்றா நினைத்துக்கொண்டாள். தான் சொன்னதில் ஏதும் பிழை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தவமலரின் அக்கா மனோர் பார்க் சேர்ச்சுக்கு வருகிறவர். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் பஸ்தியாம்பிள்ளையிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய பஸ்தியாம்பிள்ளை, கோட்டைக்கூடக் கழற்றாமல் மகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்தத் தாயிட்ட நீ என்ன சொன்னனீ?"

அவள் சொன்னாள். சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னாள்.

"அப்பிடிக் கதைக்க ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

அப்போதுதான் அவள் யோசித்தாள். அவளுடைய தமிழ் இந்தக் குசினிக்குள் பொறுக்கிய தமிழ். சாப்பாடு, காய்ச்சல், செபம், சண்டை எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருந்தது. பொலிஸ் பேசுகிற தமிழ் என்று ஒரே ஒரு வசனம்தான் அவள் காதில் விழுந்திருந்தது. நவம்பர் மாதங்களில், அவள் மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருக்க, வந்த சொந்தக்காரருக்கு அப்பா சொல்லுவார்: பயப்பிடாதேங்கோ அம்மா எண்டுதான் சொன்னவன், விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டுதான் லம்பேட்டைக் கொண்டு போனவன். யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. வசனம் மட்டும் நாவில் தங்கிவிட்டது.

"நீங்கள்தான் அப்பா," என்றாள்.

அவர் திரும்பினார். அவள் அவருடைய கோட்டைப் பிடித்தாள்.

"அப்பா, நாங்கள் விட்டிட்டம். அண்டைக்குப் பின்னேரமே விட்டிட்டம்."

"ஓம்," என்றார். "நீங்கள் விட்டிட்டியள்."

பிறந்த நாளிலிருந்து அவளை அவர் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அந்த நீங்கள் அவளைச் சுட்டது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

விழாவுக்கு றோஸ்மலர் மட்டும் வந்தார். பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்திருந்தார், யாரோ வந்து இருக்கப்போகிற மாதிரி. பெனிற்றாவின் பெயர் கூப்பிட்டபோது அவர் ஒருவர்தான் எழும்பிக் கைதட்டினார். படம் எடுத்தார்கள். அதில் அவள் சிரிக்கிறாள்.

அன்று அவள் உடுப்பை மாற்றவில்லை. வீட்டுக் கட்டளை தெரியும். தெரிந்துதான் வந்தாள். ஒருதரம் பார்த்துவிட்டால், யூனிபோர்முக்குள் இருப்பது தன் மகள்தான் என்று கண் அறிந்துவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று ரயிலில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் படி ஏறினாள்.

குசினியில் எண்ணெய்ச் சத்தம் கேட்டது. நீல டை கதிரையில் தொங்கியது. பஸ்தியாம்பிள்ளை சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்காக மீன் பொரித்துக்கொண்டிருந்தார். விளைமீன், அவளுக்குப் பிடித்தது. சப்பாத்துச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

அவருடைய கை இடுப்புக்குப் போனது. இந்த முறை அங்கே மடிப்பு இருந்தது. சாரத்தை இறக்கிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒதுங்கி, கைகட்டி நின்றார்.

"நான்தான் அப்பா," என்றாள் பெனிற்றா. தொப்பியைக் கழற்றினாள். "அப்பா, நான்தான்."

"ஓம். தெரியுது," என்றார்.

கட்டிய கையை அவர் எடுக்கவில்லை. மீன் கருகிக்கொண்டிருந்தது.