பகலில் எரியும் மீன்

பஸ் ஏறுமுன் எங்கள் கட்டடத்து யோசெப்பீன் அக்கா விளக்கைப் போட்டுவிடுவார். கொட்டாஞ்சேனை வெயில் மண்டையைப் பிளக்கும் பதினொரு மணி. அவர் மடியில் மூன்றடி நீள மீன் ஒன்று நீலமாக மின்னிக்கொண்டிருக்கும். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்வான்.

“அணைஞ்சு கிடந்தாத்தான் தம்பி சந்தேகம். வயரும் பற்றரியும் பெட்டிக்குள்ள கிடந்தா ஆமிக்காரன் என்ன நினைப்பான்? எரிஞ்சா லைற் எண்டு தெரியும்தானே” என்பார் என்னிடம்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கொழும்பில் இதைவிடத் தெளிவான நியாயத்தை நான் கேட்டதில்லை. ஆனாலும் அவருக்கு இரண்டு சீற் தள்ளித்தான் உட்காருவேன்.

அக்கா செய்து விற்கும் ராசி விளக்கு அது: உள்ளங்கையளவு முக்கோணத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு எல்.ஈ.டி. பொட்டுகள். ஒன்றோடொன்று கொளுவி விரும்பிய ராசியின் வடிவம் செய்யலாம். “கலியாணத்தண்டைக்கு மீன். ஒரு வருஷம் போகத் தேளா மாத்திக்கொள்ளுங்கோ” என்று பெண் வீட்டாரிடமே சொல்வார். பொட்டுகள் காட்டும் நட்சத்திரங்களின் இடமெல்லாம் மொட்டைமாடியில் நின்று அவரே குறித்தவை. குண்டு போட விமானம் வருகிறது என்று நகரம் முழுக்க மின்சாரத்தை வெட்டும் நேரங்களில் நாங்கள் கட்டிலுக்கு அடியில் இருப்போம். அவர் கொப்பியும் பென்சிலுமாக மேலே ஏறிவிடுவார். “கரண்ட் இருந்தா கொட்டாஞ்சேனைக்கு ஏது வானம்?”

ஒரு புதன்கிழமை வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்துக்கு மீனைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். வழியில் வீதியை மூடியிருந்ததால் இரண்டரை மணி நேரம் நெரிசல். அவ்வளவு நேரமும் எரிந்த மீன், பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் எங்களை இறக்கியபோது பற்றரி தீர்ந்து அணைந்துபோனது. அக்காவின் தந்திரம் அக்காவுக்கே ஆப்பு வைத்துவிட்டது.

இது என்ன என்று ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டார். லைற் என்றார் அக்கா. அப்படியென்றால் எரிய வையுங்கள் என்றார் அவர். எரியாவிட்டால் அக்கா போகப்போவது மண்டபத்துக்கல்ல, பொலிஸ் நிலையத்துக்கு.

“மல்லி, உங்கட டோர்ச்சில இருக்கிற பற்றரி ரெண்டையும் ஒருக்காத் தாங்கோ.” பக்கத்துக் கடையில் தீப்பெட்டி கேட்பதுபோல, சிரித்துக்கொண்டே, தம்பியை அழைக்கும் அந்த ‘மல்லி’யோடு, நல்ல சிங்களத்தில் கேட்டார். ஆமிக்காரர் என்ன நினைத்தாரோ, கழற்றிக் கொடுத்தார். மீன் வாலிலிருந்து தலைவரை மின்னியது. அழகாக இருக்கிறது என்றார் அவர். போகலாம் என்றும் சொன்னார்.

அக்கா சிரிப்பு மாறாமல் பற்றரிகளை எடுத்து டோர்ச்சுக்குள் திரும்பப் போடப் போனார். முதல் பற்றரி விளிம்பில் தட்டி நழுவியது. மறுபடியும் தட்டியது. மூன்றாம் தடவை ஆமிக்காரரே டோர்ச்சை வாங்கிப் போட்டுக்கொண்டார். அக்கா இரண்டு கைகளையும் மீனுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.