கேட்டுக்கு அடியில் ஆறு பேர்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் அந்த ஹாலில் இருந்தவர்கள்: நான், என் நண்பன் இம்மானுவேல், மாடல் ரயில் சங்கத்தின் செயலாளர், உறுப்பினர்கள் ஒரு இருபது பேர். அப்புறம், ஒரு பிளைவுட் பலகையின் மேல், ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரத்தில் என் அம்மா.

இல்லாதவர்: நிஜ அம்மா. கூட வேலை பார்க்கும் ஐந்து பெண்களோடு கும்மிடிப்பூண்டியிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்துகொண்டிருந்தார். பலகை மேல் இருக்கிற தன்னைப் பார்ப்பதற்காக.

அவர் வந்து சேர்வதற்குள் அவரைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஓய்வு நேரத்தில் மாடல் ரயில் செய்கிறேன் என்று இதே பக்கத்தில் முன்பு எழுதியதும் ஒரு வாசகர் கேட்டிருந்தார் — "வேலைக்குப் போகிற பையனுக்கு பொம்மை ரயில் எதற்கு?" சார், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கியவன் நான். அதற்கு முன்னால் பொம்மை வாங்க யாருக்கும் வசதிப்படவில்லை. இப்போதுதான் ஆரம்பிக்கிறேன்.

இந்த மாடல் ரயிலுக்கு ஓர் அளவுக் கணக்கு உண்டு. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருந்தால் பலகையில் ஒரு அடி. ரயில் பெட்டி ஒன்று ஒரு சாணுக்குச் சற்று அதிகம். ஐந்தடி மனுஷி ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவு தப்பினால் எனக்குத் தூக்கம் வராது.

தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல் எல்லாம் செய்து முடித்துவிட்டோம். தெரு வேண்டும். தெரு என்றால் ஆட்கள் வேண்டும். ஆன்லைனில் நூறு பேர் கொண்ட பாக்கெட் ஒன்று வாங்கினேன். பிரித்துக் கொட்டினால்... தொப்பி போட்டவர், கோட் போட்டவர், குடை பிடித்தவர், நாய்க்குட்டியோடு ஒரு அம்மணி. நூறு பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். தலையில் சுமை உள்ளவர் ஒருவர்கூட இல்லை. தரையில் உட்கார்ந்தவர் இல்லை. குனிந்தவர்? ஒருவரும் இல்லை.

இம்மானுவேல் ஒரு கோட்டுக்காரரைத் தூக்கிப் பார்த்தான். "இன்னா மச்சி இது? நம்ம ஊரு ஆரம்பாக்கத்துல இந்த வெயிலுக்கு கோட்டு போட்டா இவன் கருவாடுடா."

அவன் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வெல்டர். என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. எங்கள் இருவர் வீட்டிலும் பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை.

பாக்கெட்டை மூடி வைத்துவிட்டோம். நாங்களே ஆள் செய்தோம்.

எரிந்துபோன மோட்டாரின் காப்பர் கம்பியை முறுக்கி எலும்பு. பைப் ஒழுகினால் அடைப்பார்களே, அந்த மாவில் உடம்பு. இனிப்புப் பெட்டிக்குள் விரிக்கும் மெல்லிய தாளில் புடவை. இம்மானுவேலின் தங்கையுடைய நெயில் பாலிஷில் கலர். ஒரு ஆளுக்கு நாற்பது நிமிடம். ஐந்து மாதத்தில் நூற்றுப் பதினொரு பேர்.

யார் யார்? ரீசார்ஜ் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசும் ஒடிசா தம்பிகள். மூன்று தண்ணீர் கேனை ஒரே மொபெட்டில் கட்டிக்கொண்டு போகிறவர். பின் கதவில் தொங்குகிறவரோடு சேர்த்து பதினோரு பேர் ஏறிய ஷேர் ஆட்டோ. இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர், அதன் அடியில் தூளி கட்டித் தூங்கும் டிரைவர். அவருடைய ஒரு கால் மட்டும் வெளியே தொங்கும். அதற்கு மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நடுவில் எங்கள் ரயில்வே கேட். மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் கான்ட்ராக்டர் வேன் புறப்படத் தயாராக நிற்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து ஆறு பெண்கள் கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறார்கள். முதல் ஆள் என் அம்மா. கையில் நீலநிறச் சாப்பாட்டுப் பை.

ஏன் குனிய வேண்டும்? வேன் நிற்காது. வேனை விட்டால் அன்றைய கூலி போச்சு. அவ்வளவுதான் விஷயம். இதில் கலை எதுவும் இல்லை.

கண்காட்சிக்கு விண்ணப்பித்தோம். ஸ்டேஷன் படம் மட்டும் கேட்டார்கள், அனுப்பினோம். தேர்வானோம். அம்மாவிடம் சொன்னதும் அவர் கூட வேலை செய்யும் ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டார். ஆறு பேரும் லீவ் போட்டுவிட்டார்கள்.

இனி மறுபடியும் ஹாலுக்கு வருவோம்.

நல்ல ஹால். ஏசி. ஒவ்வொரு மேஜைக்கும் வெள்ளைத் துணி, மேலே ஸ்பாட் லைட், முன்னால் அச்சடித்த பெயர்ப் பலகை. என் பெயர் அச்சில் அப்படித் தனியாக நின்று நான் பார்த்ததில்லை. மூன்று முறை போட்டோ எடுத்தேன்.

செயலாளர் தங்கமான மனிதர். பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பக்கத்து மேஜையில் அவருடைய சொந்த மாடல். சுவிட்சர்லாந்து மலை, பனி, அழகான ஸ்டேஷன். அதில் மொத்தம் பன்னிரண்டு பேர். ஒருவரும் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை.

எங்கள் ரயில் ஓட ஆரம்பித்தது. கும்பல் கூடியது. செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"தம்பி, கேட் மூடியிருக்கே?"

"ஆமா சார். ரயில் வருதில்ல."

"இவங்க எல்லாம் அடியில போறாங்களே?"

"ஆமா சார். வேன் போயிடுமில்ல."

அவர் குரலைத் தணித்தார். "பதினொரு மணிக்குத் திறந்துவைக்க வர்றவர் பெரிய ரயில்வே அதிகாரி. அவர் முன்னால இதை எப்படிப்பா காட்டறது? சட்டப்படி குற்றம் இது. மத்த எல்லாம் இருக்கட்டும். இந்த ஆறு பேரை மட்டும் எடுத்துடு. உங்க மாடல்ல ரயில்தான் ஹீரோ. ஆளுங்க டெக்கரேஷன்தானே?"

நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு குறடை எடுத்துவிட்டார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார்... சத்தியமாக. அம்மாவின் இடுப்பைப் பிடித்து ஒரு இழு.

அம்மா வந்துவிட்டார். ரயில் நின்றுவிட்டது.

செயலாளர் சுவிட்சைத் தட்டினார். பிளக்கை ஆட்டினார். ஊஹூம். இம்மானுவேல் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனான். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சார்... அது ஆள் இல்ல சார். அது ஜாயின்ட்டு."

"எதுப்பா?"

"நீங்க புடுங்கின அம்மா சார். அவங்க காலுலதான் ரிட்டர்ன் ஒயரு முடிஞ்சிக்கீறேன்."

விஷயம் இதுதான். ரயிலுக்குக் கரண்ட் ஒரு ஒயரில் போய் இன்னொரு ஒயரில் திரும்ப வேண்டும். திரும்பும் ஒயர் பலகைக்கு அடியில் ஓடும். எங்கள் ஆட்களின் எலும்பு காப்பர் கம்பி அல்லவா? நிலையாக நிற்கட்டும் என்று கால் கம்பியைப் பலகையைத் துளைத்துக் கீழே இறக்கியிருந்தோம். இம்மானுவேலிடம் முழு நீள ஒயர் இல்லை. துண்டு துண்டாக இருந்தது. வெல்டர் கண்ணுக்கு, கீழே தொங்கும் கம்பி எல்லாம் ஒட்ட வைக்கிற இடம். ஆறு பெண்களின் காலிலும் வரிசையாகத் துண்டுகளைச் சேர்த்து சோல்டர் போட்டுவிட்டான். என்னிடம் சொல்லவும் இல்லை.

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"காலு சும்மா தொங்கிக்கினு இருந்துச்சி மச்சி. எதுக்கு வேஸ்ட் பண்ணணும்னு..."

இதை நான் ஏதோ தத்துவமாகத் திட்டம்போட்டுச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது சுத்தமான சோம்பேறித்தனம். என் கம்பெனி லைனில் இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளியிருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான் — அந்த ஆறு பேரை எடுத்தால் ரயில் ஓடாது.

"கவலைப்படாதே" என்றார் செயலாளர். தன் பெட்டியிலிருந்து அருமையான சிவப்பு ஒயர் ஒரு சுருள் எடுத்து நீட்டினார். "நேரா ஒரே ஒயரா இழுத்துடுங்க. பத்து நிமிஷம்."

இம்மானுவேல் ஒயரைத் தடவிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பத்து நிமிசம்கூட ஆவாது. இன்னா சொல்ற?"

பொய் சொல்லமாட்டேன். வெள்ளைத் துணியைப் பார்த்தேன். ஸ்பாட் லைட்டைப் பார்த்தேன். என் பெயரைப் பார்த்தேன். ஆறு பேர்தானே, மீதி நூற்றைந்து பேர் இருக்கிறார்களே என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது.

அப்போது போன் அடித்தது. அம்மா.

"டேய், பேசின் பிரிட்ஜ் தாண்டிட்டோம். எந்த பஸ்ஸு ஏறணும்?"

சொன்னேன்.

"இவளுங்க நம்ப மாட்றாளுங்கடா. ரயிலு ஏறினதுலேந்து பேஜாரு பண்ணிக்கினு வராளுங்க. நாங்க அதுல கீறோம்தானே?"

பின்னால் ஒரு குரல், "உம் புள்ள சும்மா ரீல் வுட்றான் சரோஜா!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு எதிரே செயலாளரின் உள்ளங்கையில் அம்மா படுத்திருந்தார். நீலப் பையோடு.

"கீறீங்கம்மா" என்றேன். "ஆறு பேரும் கீறீங்க."

போனை வைத்தேன். கையை நீட்டினேன். "குடுங்க சார்."

"தம்பி, நான் சொல்றதை..."

"சார், நீங்க சொல்றது சரி. கேட்டுக்கு அடியில போறது தப்பு. ஆபத்து. எங்கம்மாகிட்ட நான் தினமும் சண்டை போடறேன். அங்க ஒரு சப்வே கட்டட்டும். கட்டின அன்னிக்கே நான் இந்தப் பலகையில சப்வே வெச்சி ஆறு பேரையும் அதுல நடக்க விடறேன். அதுவரைக்கும் இவங்க இங்கதான் போவாங்க. இங்க எடுத்துட்டா அங்க போகாம இருந்துடுவாங்களா?"

"அதிகாரி பார்த்தா..."

"பார்க்கட்டும் சார். அவர் பார்க்க வேண்டியதுதானே இது?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். செயலாளர் வருத்தமாகத்தான் சொன்னார்: "அப்படின்னா இந்த மேஜையை நான் காலியாத்தான் காட்டணும். கட்டின பணம் திரும்ப வராது."

"சோல்டர் போடுடா" என்றேன் இம்மானுவேலிடம்.

அவன் சிவப்பு ஒயரை மரியாதையாகச் சுருட்டி செயலாளர் கையில் கொடுத்தான். அம்மாவைப் பழைய துளையில் இறக்கி, கீழே போய்ப் பற்றவைத்தான். சுவிட்சைப் போட்டேன். ரயில் நகர்ந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், ஆறு பேரும் குனிந்திருக்க, ஒரு முழுச் சுற்று ஓடவிட்டேன். ஒரே ஒரு சுற்று. அப்புறம் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வாசலில் அதிகாரியின் கார் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. நாங்கள் வழிவிட்டு ஒதுங்கவில்லை. பலகை பெரிது, ஒதுங்கவும் முடியாது. கார்தான் நின்றது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரைச் சின்னதாகச் செய்தால் யாரை விடுவது என்ற கேள்வி வந்தே தீரும். இடம் கிடையாது, உண்மைதான். ஆனால் விடுபடுகிறவர்கள் மட்டும் ஏன் எப்போதும் அதே ஆட்களாக இருக்கிறார்கள்? கம்பெனி காலண்டரில் கம்பெனி இருக்கிறது, கூட்டுகிறவர் இல்லை. மேம்பாலத் திறப்பு விழாப் படத்தில் மேம்பாலம் இருக்கிறது, கம்பி கட்டியவர் இல்லை. பொம்மை பாக்கெட்டிலாவது இருப்பார் என்று பார்த்தால் அங்கேயும் கோட்டுக்காரர்தான்.

நான் செய்கிற தெருவில் அது நடக்காது. எண்பத்தேழில் ஒரு பங்கு தெருதான். ஆனால் என் தெரு.

எதிர்ப்புற நடைபாதை ஓரம் காலையில் பலகையை ஏற்றிவந்த வாடகை மினி லாரி, குட்டி யானை, நின்றிருந்தது. பின் கதவை இறக்கி, பலகையை வைத்து, வண்டி பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்தோம். டிரைவர் அண்ணன், "வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா நீங்க ரெண்டு பேரும்தான்டா தள்ளணும்" என்று திட்டிக்கொண்டே தானும் வந்து பார்த்தார்.

பதினொன்றரைக்கு அம்மா படை வந்து சேர்ந்தது. ஆறு பேரும் நல்ல புடவை. ஒருவர் கையில் மல்லிகைப் பூகூட.

"இன்னாடா, ரோட்டுல வெச்சிக்கீறே? உள்ள இல்ல?"

"உள்ள எடம் பத்தலம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார், இம்மானுவேல் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனால் அதற்குள் மற்றவர்கள் பலகைமேல் சாய்ந்துவிட்டார்கள்.

"ஏய், தோ நம்ம வேனு! நெம்பரு பிளேட்டுகூட வளைஞ்சிதான் கீது!"

"எனக்கு பச்சைப் பொடவையே கெடையாதே. எவளுது இது?"

"சரோஜா, உன் இடுப்ப பார்த்தியா? உள்ளத உள்ளபடி வெச்சிக்கீறான் உம் புள்ள!"

நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். இளநீர்க்காரர் வந்தார். ஹாலுக்குள் போக வந்த ஒரு குடும்பம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அம்மா மட்டும் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குவாலிட்டி இன்ஸ்பெக்ஷனில் நான் இப்படித்தான் நிற்பேன் போல.

"தப்பா வெச்சிக்கீறேடா" என்றார் கடைசியில்.

"என்னம்மா?"

"நான் இப்டி குனிய மாட்டேன். முட்டி வலில எங்க குனியறது? அப்டியே ஒக்காந்து, கைய ஊனிக்கினு, நவுந்து நவுந்துதான் போவேன். ரெண்டு வருஷமா அப்டித்தான். நீ பார்த்ததில்ல?"

நான் பார்த்ததில்லை. அவர் வேன் பிடிக்கும் நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். உயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தவன், முட்டியைக் கேட்கவில்லை.

"மாத்திடறேம்மா" என்றேன்.

"மாத்து. ஆனா எடுத்துடாத."

திருப்பித் தராத நுழைவுக் கட்டணம், குட்டி யானைக்குப் போக வர வாடகை, ஆறு பெண்களின் ஒரு நாள் கூலி, ட்ரெயின், பஸ், எல்லோருக்கும் டீ, பஜ்ஜி... ஆறு பேரில் ஒருவரையும் எடுக்காமல் இருப்பதற்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: எட்டாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்.